சரிபார்க்க முடியவில்லை

போன நவம்பரில் ஒரே வாரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு சான்றிதழ்கள் காலாவதியாகின. ஒன்று நான் பராமரிக்கும் ஒரு வெப்சைட்டினுடையது. இன்னொன்று என் அப்பாயியுடையது.

வெப்சைட்டின் கதை சின்னது. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் எங்கள் வீடு. மழை விட்டு மிஸ்ட் இறங்கியிருந்த செவ்வாய்க்கிழமை இரவு, பதினோரு மணிக்கு மேல் போன் வந்தது. "சார், சைட்டைத் திறந்தா பாதுகாப்பில்லைன்னு சிவப்பா காட்டுது. கஸ்டமருங்க எல்லாம் பயப்படுறாங்க." லேப்டாப்பைத் திறந்து, கறுப்புத் திரையில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவிக்கு ஒரு வரிக் கட்டளை கொடுத்தேன். பதில் ஒரு எண்ணோடு வந்தது: 10. சான்றிதழ் காலாவதி. தானாகப் புதுப்பிக்க நான் எழுதி வைத்திருந்த சின்ன ஸ்கிரிப்ட் எப்போதோ நின்றுபோயிருந்தது. கையாலேயே புதுச் சான்றிதழ் வாங்கிப் போட்டேன். இப்போது வேறொரு எண் வந்தது: 20. அவசரத்தில் நடுவில் இருக்க வேண்டிய ஒரு கோப்பை விட்டிருந்தேன். அதையும் சேர்த்தேன். எண் 0 வந்தது, எல்லாம் சரி. மொத்தம் நாற்பது நிமிடம்.

அப்பாயியின் கதை நாற்பது நிமிடத்தில் முடியவில்லை. அவருக்கு மாதம் ஒரு சின்னத் தொகை பென்ஷன் வருகிறது. அது தொடர்ந்து வர, வருஷத்துக்கு ஒரு தடவை தான் உயிரோடு இருப்பதாக அவர் சான்று கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் காகிதம். 2014 நவம்பரில் இதற்கு டிஜிட்டல் முறை வந்தது. கைரேகையை மெஷினில் வைத்தால் போதும், சான்று தானாக உருவாகிப் போய்ச் சேர்ந்துவிடும். நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. முட்டி வலியோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய எத்தனையோ பேருக்கு அது நிம்மதி.

அப்பாயி முப்பத்து நான்கு வருஷம் கொழுந்து எடுத்தவர். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கிள்ளி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேய்ந்து, வெடித்து, தேயிலைக் கறை ஏறி மரப்பட்டை மாதிரி இருக்கும். டவுனில் அந்தக் கடைக்காரர் பொறுமையான ஆள்தான். "பாட்டி, கையை நல்லாத் துடைங்க." துடைத்தார். "தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தடவிப் பாக்கலாம்." தடவினார். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் அதே பதில்: பொருந்தவில்லை.

அப்பாயி முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஏன் ராசா, அப்ப நான் செத்துட்டேனா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜனவரியில் பென்ஷன் வரவில்லை. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

*

சான்றிதழ் என்று நான் சொல்லும் இந்த டிஜிட்டல் பொருள் என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவது எல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது.

நீங்களும் ஒரு சர்வரும் ரகசியமாகப் பேச வேண்டும். மறையாக்கம் அதைச் செய்து கொடுக்கும். நடுவில் யார் ஒட்டுக்கேட்டாலும் குப்பைதான் கிடைக்கும். ஆனால் மறையாக்கத்தால் தீர்க்க முடியாத கேள்வி ஒன்று உண்டு: எதிரே இருப்பது யார்? பேங்க் என்று நினைத்துத் திருடனிடமே மிகப் பாதுகாப்பாக, ஒருவராலும் ஒட்டுக்கேட்க முடியாதபடி, பாஸ்வேர்டைக் கொடுத்துவிட முடியும். பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், சாவி யார் கையில் இருக்கிறது என்பதைப் பூட்டு சொல்லாது.

அதற்குத்தான் சான்றிதழ். அதில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயருக்கு உரிய பொதுச் சாவி இருக்கும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று இருக்கும். கடைசியில், இதெல்லாம் உண்மை என்று இன்னொருவர் இட்ட கையொப்பம் இருக்கும். சாவிகள் எப்போதும் ஜோடியாக வரும். ஒன்று ரகசியம், மற்றது ஊருக்கே தெரியலாம். ரகசியச் சாவியால் இட்ட கையொப்பத்தைப் பொதுச் சாவியை வைத்து யாரும் சரிபார்க்கலாம். பொதுச் சாவியை மட்டும் வைத்துக்கொண்டு அதேபோல ஒரு கையொப்பம் போட முடியாது.

சரி, கையொப்பம் இட்டவரை எப்படி நம்புவது? அவருக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதில் அவருக்கு மேலே உள்ளவர் கையொப்பம் இட்டிருப்பார். இப்படியே ஏறிப் போனால் ஒரு சங்கிலி கிடைக்கும். கீழே வெப்சைட்டின் சான்றிதழ். இந்தத் தொழிலில் அதற்குப் பெயர் 'லீஃப்', அதாவது இலை. நடுவில் இடைநிலைச் சான்றிதழ். உச்சியில் 'ரூட்', வேர். வேர் மேலேயும் இலை கீழேயுமாக இருக்கும் தலைகீழ்ச் செடி. தேயிலைக் காட்டுக்கு நடுவே உட்கார்ந்து இந்தச் சொற்களை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

வேருக்குக் கையொப்பம் போடுவது யார்? அதுவேதான். வேர்ச் சான்றிதழைக் கறுப்புத் திரையில் பிரித்துப் பார்த்தால், வழங்கியவர் என்ற இடத்திலும் பெற்றவர் என்ற இடத்திலும் ஒரே பெயர் இருக்கும். என் வெப்சைட்டுக்குச் சான்றிதழ் தருவது லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாபநோக்கற்ற சேவை. 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அதற்குமுன் காசு கொடுத்து வாங்கியதை இலவசமாக ஆக்கினார்கள். அவர்களுடைய வேர் ஒன்று 2015 ஜூன் 4 அன்று தனக்குத்தானே கையொப்பம் இட்டுக்கொண்டது. 2035 ஜூன் 4 வரை செல்லும். அதை நாம் ஏன் நம்புகிறோம்? உங்கள் போனிலும் பிரவுசரிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. அவ்வளவுதான். கணக்கெல்லாம் சங்கிலியின் கண்ணிகளுக்கு இடையில்தான். உச்சிக்குப் போனால் கணக்கு இல்லை, யாரோ சிலர் கூடி எடுத்த முடிவுதான் இருக்கிறது.

*

இப்போது அந்த எண் 20-க்கு வருகிறேன். 'அன்ஏபிள் டு கெட் லோக்கல் இஷ்யூயர் சர்ட்டிஃபிகேட்' என்பது அதன் முழு வாசகம். சர்வர் வேலை செய்கிற எல்லாரும் ஆயிரம் தடவை பார்த்திருப்போம். பார்த்ததும் கை தானாக அடுத்த கட்டளைக்குப் போய்விடும். அப்பாயியின் பென்ஷன் நின்ற பிறகு ஒருநாள்தான் அதை ஒரு வாக்கியமாக நின்று படித்தேன்.

'இந்தச் சான்றிதழை வழங்கியவரின் சான்றிதழ் இங்கே, என்னிடத்தில், கிடைக்கவில்லை.' இதுதான் அதன் பொருள். உன் சான்றிதழ் போலி என்று அது சொல்லவில்லை. நீ பொய்யன் என்றும் சொல்லவில்லை. சரிபார்ப்பதற்கு வேண்டிய ஒன்று தன்னிடம் இல்லை என்கிறது. குறை இருப்பது சரிபார்க்கிறவரின் பக்கமாகவும் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிற வாக்கியம் அது. 'லோக்கல்' என்ற அந்தச் சின்னச் சொல்லில் எவ்வளவு அடக்கம்!

ஜிபிஜி என்ற இன்னொரு கருவி இதில் இன்னும் நுணுக்கமானது. மெயிலுக்கும் கோப்புக்கும் கையொப்பம் இடவும் சரிபார்க்கவும் பயன்படுவது. ஒரு கையொப்பத்தைச் சரிபார்க்கச் சொன்னால் வெவ்வேறு விதமாகப் பதில் சொல்லும். கோப்பை யாரோ திருத்தியிருந்தால், 'கெட்ட கையொப்பம்' என்று பளிச்சென்று சொல்லிவிடும். உரிய பொதுச் சாவி தன்னிடம் இல்லையென்றால், 'சரிபார்க்க முடியவில்லை, பொதுச் சாவி இல்லை' என்று சொல்லும். கையொப்பம் கணக்குப்படி சரி, ஆனால் சாவி இன்னாருடையது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றால், 'நல்ல கையொப்பம்' என்று சொல்லிவிட்டு, உரிமையாளர் அவர்தான் என்பதற்குத் தன்னிடம் அறிகுறி எதுவும் இல்லை என்று எச்சரிக்கும். சாவிகளுக்கு நாம் தரும் நம்பிக்கையிலும் இப்படித்தான். 'தெரியாது' என்பது ஒரு நிலை. 'ஒருபோதும் நம்பமாட்டேன்' என்பது வேறொரு நிலை. இரண்டையும் அது குழப்பிக்கொள்வதே இல்லை.

பொய் என்று தெரிந்தது வேறு, மெய் என்று தெரியாதது வேறு. கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பாடம் போல இருக்கும். ஆனால் அப்பாயியின் விஷயத்தில் நடந்தது என்ன? ஒரு கருவியால் ஒரு கிழவியின் விரலைப் படிக்க முடியவில்லை. அது கருவிக்கு நேர்ந்த ஒரு முடியாமை. கடையிலிருந்து கிளம்பிய அந்த முடியாமை, அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது 'சான்று வரவில்லை' என்று ஆகியிருந்தது. அங்கிருந்து பேங்க் கணக்குக்கு வந்தபோது, பென்ஷன் நின்றிருந்தது. உயிரோடு இல்லாதவருக்கு நடப்பது எதுவோ அதுவே அவருக்கும் நடந்தது. வழியில் யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் கெட்டவரும் இல்லை. 'என்னால் முடியவில்லை' என்ற வாக்கியம் கைமாறிக் கைமாறி 'நீ இல்லை' என்று ஆகிவிட்டது.

*

அப்பாயிக்கு இது புதிதல்ல என்பதுதான் எனக்கு உறைக்கப் பல நாள் ஆனது.

அவர் பிறந்தது இலங்கையில், மலையகத்தில், ஒரு தோட்டத்து லயத்தில். அவர் பிறப்பதற்குச் சற்றுமுன், 1948-இல், இலங்கை அரசு குடியுரிமைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. வம்சாவளியால் குடியுரிமை வேண்டுமென்றால், உன் தகப்பன் இலங்கையில் பிறந்தவன் என்று காட்டு. இல்லையென்றால் தகப்பனைப் பெற்ற பாட்டனும், அந்தப் பாட்டனைப் பெற்ற பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு. இலையிலிருந்து வேர்வரை ஒரு சங்கிலி. லயத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று எங்கே இருக்கும்? பலருக்கு இல்லை. பிள்ளை பிறந்தது பக்கத்து லயத்துக்குத் தெரியும், தொப்புள்கொடி அறுத்த மருத்துவச்சிக்குத் தெரியும், கங்காணிக்குத் தெரியும். பதிவேட்டுக்குத் தெரியாது.

1949-இல் இன்னொரு சட்டம் வந்தது. இத்தனை வருஷம் விடாமல் இங்கேயே வசித்தேன் என்று நிரூபித்தால் குடியுரிமை தரலாம் என்றது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போட்டார்கள். கிடைத்தது சுமார் 1.35 லட்சம் பேருக்கு. மற்றவர்கள் எல்லாம் பொய் சொன்னார்களா? இல்லை. அவர்கள் வேறெங்கோ வசித்தார்கள் என்று யாரும் நிரூபிக்கவும் இல்லை. 'இஷ்யூயர் கிடைக்கவில்லை' என்பதை 'நீ எங்கள் ஆள் இல்லை' என்று வாசித்தார்கள். எண் 20-ஐ ஒரு அரசாங்கம் வாசித்த விதம் அது.

அப்புறம் 1964 அக்டோபர் 30. சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்களாக நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். பத்து வருஷம் கழித்து அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாக 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த 5,25,000-க்குள் ஒரு எண்ணாக அப்பாயி தலைமன்னாரில் கப்பல் ஏறினார். மண்டபம் முகாமில் கையில் ஒரு குடும்ப அட்டையைக் கொடுத்தார்கள். அந்த அட்டை இன்னும் எங்கள் வீட்டில், தகரப் பெட்டியில், பிளாஸ்டிக் பைக்குள் இருக்கிறது. நீலகிரியில் தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழக அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னாளில் டான்டீ ஆனது. அதில் அப்பாயிக்கு இடம் கிடைக்கவில்லை. வேறொரு தோட்டத்தில் பேர் பதிந்தார். சம்பள நாளில் கைநாட்டு வைத்து வாங்கினார்.

கைநாட்டு என்பது எங்கள் ஊரில் ஒரு வசைச்சொல். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று பொருள். இப்போது பார்த்தால் ஊரே கைநாட்டாகிவிட்டது. ரேஷன் கடையிலும் சிம் கார்டு வாங்கும்போதும் பட்டம் வாங்கினவரும் விரலைத்தான் நீட்டுகிறார். விரலே கையெழுத்தாகிவிட்ட காலத்தில், வாழ்நாளெல்லாம் கைநாட்டு வைத்தவரின் விரல் மட்டும் செல்லாமல் போயிற்று. டிஜிட்டல் சான்றிதழுக்கும் ஃபிங்கர்பிரின்ட் என்று ஒன்று உண்டு. ஒரு கட்டளை போட்டால் அறுபத்து நான்கு எழுத்தும் எண்ணுமாக வரும். எத்தனை முறை எடுத்தாலும் அதேதான் வரும், தேயாது. அது உழைப்பதில்லை அல்லவா.

*

இதுவரை படித்த ஒருவர் என்னைக் கேட்கலாம்: சரி, முடியவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதானா? சரிபார்க்க முடியாத எல்லாரையும் உள்ளே விடலாமா?

முடியாது. என் தொழிலே எனக்குச் சொல்லித் தந்தது அது. கர்ல் என்றொரு கருவி இருக்கிறது. கறுப்புத் திரையிலிருந்து வெப்சைட்டுகளோடு பேசுவதற்கு. சான்றிதழ் சரியில்லை என்று அது முரண்டுபிடித்தால், கட்டளையோடு மைனஸ் போட்டு 'கே' என்று ஒரு எழுத்தைச் சேர்த்தால் போதும். சரிபார்க்காமலே போய்விடும். அவசரத்தில் எல்லாரும் அதைச் சேர்த்திருக்கிறோம். புது சர்வரோடு முதல் தடவை இணையும்போது, 'இதன் ஃபிங்கர்பிரின்ட் இது, தொடரலாமா?' என்று எஸ்எஸ்ஹெச் கேட்கும். அதைப் படித்து ஒப்பிட்டுப் பார்த்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. எல்லாரும் 'எஸ்' என்று அடித்துவிட்டுப் போகிறோம்.

இந்த அலட்சியத்துக்கு யார் விலை கொடுப்பார்கள்? 2011-இல் நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் யாரோ புகுந்தார்கள். 500-க்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கிக்கொண்டார்கள். அதில் கூகுள் பெயரில் ஒன்று. அதை வைத்து ஈரானில் ஜிமெயில் பார்த்தவர்களுக்கும் கூகுளுக்கும் நடுவில் உட்கார்ந்தார்கள். பாதிப்பு சுமார் 3 லட்சம் இணைய முகவரிகளைத் தொட்டது என்று பின்னால் நடந்த விசாரணை சொன்னது. அந்த மெயில் பெட்டிகளில் இருந்தது வெறும் வாழ்த்துச் செய்தி மட்டுமாக இருந்திருக்காது. அன்றைக்கு அங்கே ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளையைப் போட்டிருந்தால், சங்கிலி முழுக்கச் சரி என்று எண் 0-தான் வந்திருக்கும். அது 'சரி' என்று சொல்லி நேர்ந்த அநியாயம். அந்த நிறுவனம் அதே செப்டம்பரில் திவாலானது.

நம் நாட்டிலும் நடந்தது. 2014 ஜூலை 2 அன்று, கூகுள் தன் பெயரில் யாரோ வாங்கியிருந்த சான்றிதழ்களைக் கண்டுபிடித்தது. கையொப்பம் போட்டிருந்தது தேசியத் தகவலியல் மையம். அதற்கு மேலே வேராக இருந்தது இந்தியாவின் சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர். விண்டோஸின் பட்டியலில் அந்த வேர் இருந்ததால், பல கணினிகள் அந்தச் சான்றிதழ்களை மறுபேச்சில்லாமல் ஏற்றிருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் பட்டியலில் அது இல்லை, எனவே அது தப்பித்தது. மறுநாளே இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார்கள். வழங்கும் முறைக்குள் ஊடுருவல் நடந்தது என்றும், போலி நான்கு மட்டுமே என்றும் கட்டுப்பாட்டாளர் தரப்பு சொன்னது. நான்குக்கு மேலும் இருப்பது தனக்குத் தெரியும் என்றது கூகுள். அதன்பிறகு குரோம் பிரவுசர் அந்த இந்திய வேரை, அரசு இணையதளங்கள் உள்ளிட்ட ஒருசில முகவரிகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. ஒரு நாட்டின் வேருக்கே, நீ இதற்குமேல் செல்லாது என்று ஒரு பிரவுசர் வேலி போட்டது.

ஆகவே கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முகம் தெரியாதவர்களைக் காப்பது அந்தக் கண்டிப்புதான். நான் கவனித்தது வேறொன்று. தவறாக 'ஆம்' என்று சொன்னால் உலகமே எழுந்து நிற்கிறது. விசாரணை, ரத்து, திவால், வேலி. தவறாக 'இல்லை' என்று சொன்னால் ஒன்றும் நடப்பதில்லை. ஏனென்றால் தவறான 'ஆம்' சரிபார்த்தவரின் தலையில் விடிகிறது. தவறான 'இல்லை' சரிபார்க்கப்பட்டவரின் தலையில் விடிகிறது. அவருக்கோ, பட்டியலிலிருந்து எந்த வேரையும் நீக்கும் அதிகாரம் கிடையாது. கூகுள் ஒரு வேரைச் சுருக்கலாம். என் அப்பாயி யாரைச் சுருக்குவார்?

*

மார்ச்சில் எங்கள் பிரச்சினை தீர்ந்தது. தீர்த்தது எந்தக் கருவியும் அல்ல. பேங்க் மேனேஜர், நல்ல மனிதர், அப்பாயியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்கம்மா, உக்காருங்க. இவங்களை எனக்கு நல்லாத் தெரியும்ப்பா. ஒவ்வொரு மாசமும் வந்து என்கிட்டயே சலான் எழுதச் சொல்வாங்க." காகிதப் படிவத்தில், இவர் என் முன்னால் உயிரோடு நிற்கிறார் என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். அப்பாயி வெளியே வந்து, "இதுக்குத்தானா நாலு மாசம்?" என்றார்.

இதுவும் சான்றிதழ் உலகில் இருக்கிற ஒரு முறைதான். ஃபில் ஜிம்மர்மன் 1991-இல் வெளியிட்ட பிஜிபி, அதன் வழிவந்த ஜிபிஜி இரண்டும் உச்சியில் ஒரு வேரை வைக்கவில்லை. தெரிந்தவர் தெரிந்தவருக்குக் கையொப்பம் போடுவார். அரைகுறையாக நம்பும் மூன்று பேர் சொன்னால், முழுதாக நம்பும் ஒருவர் சொன்னதற்குச் சமம் என்று ஜிபிஜி எடுத்துக்கொள்ளும். லயத்து நியாயம் மாதிரியே. பக்கத்து வீட்டாரும் கங்காணியும் மருத்துவச்சியும் சொன்னால் பிள்ளை பிறந்தது உண்மை. 1948-இல் இந்த முறை செல்லும் என்றிருந்தால், எத்தனை லட்சம் பேர் கப்பல் ஏறாமல் இருந்திருப்பார்கள் என்று யோசித்தேன். இதுதான் சரியான முறை என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டும் இருந்தேன்.

அப்பாயிதான் அதை உடைத்தார். அதே பேங்குக்கு, அதே காரணத்துக்காக, அதே நாளில் இன்னொரு பாட்டியும் வந்திருந்தாராம். வேறு தோட்டம், கணவர் இல்லை, கூட்டிவர ஆள் இல்லை. மேனேஜருக்கு அவரைத் தெரியாது. ஆதாரம் கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். "அவளுக்கு யாரு ராசா இருக்கா, தெரியும்னு சொல்ல?" என்று கேட்டார் அப்பாயி.

தெரிந்தவர் சொல்லும் முறையில், தெரிந்தவர் இல்லாதவர் இல்லாமலே போகிறார். அதற்காகத்தானே முகம் பார்க்காத சான்றிதழும் விரல் படிக்கும் மெஷினும் வந்தன? சிபாரிசு இல்லாதவருக்கும் கதவு திறக்க வேண்டும் என்றுதானே? மேலிருந்து வரும் சங்கிலி பதிவில்லாதவரை விடுகிறது. பக்கத்திலிருந்து வரும் வலை உறவில்லாதவரை விடுகிறது. முறையை மாற்றினால், விடுபடுகிற ஆள் மாறுகிறாரே தவிர, விடுபடுவது நிற்பதில்லை.

எந்த முறை நியாயமானது என்ற கேள்வியை அதோடு நான் விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஓரிடத்தில் 'என்னால் முடியவில்லை' என்று சொல்லத்தான் போகிறது. அதைச் சொன்ன பிறகு, மிச்ச வேலை யாருடையது? அறம் என்று ஒன்று இதில் இருந்தால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. சான்று கேட்பது கேட்பவரின் தேவை. கேட்ட முறையில் சான்று கிடைக்கவில்லை என்றால், அடுத்த வழியைத் தேடும் பாரமும் கேட்டவருடையதாகத்தான் இருக்க வேண்டும். வேறு விரல், முகம், காகிதம், வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒரு ஆள், எதுவானாலும். அதுவரை 'ஆம்' என்று சொல்ல வேண்டியதில்லை. 'இல்லை' என்றும் சொல்லக்கூடாது. அந்த நடுவில், பென்ஷன் நிற்கக்கூடாது.

கற்பனை என்று நினைக்க வேண்டாம். இதே உயிர்வாழ்வுச் சான்றுக்கு 2021 நவம்பரில் முகத்தைக் காட்டும் வழியும் சேர்ந்தது. விரலால் முடியாது என்பதைக் கேட்டவர்களே ஒப்புக்கொண்டதன் விளைவு அது. 2003-இல் இலங்கை கொண்டுவந்த சட்டமும் அப்படித்தான். 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக இங்கே இருந்தவரா, அல்லது அவர் வழிவந்தவரா, அது போதும் என்றது. தகப்பன், பாட்டன், பூட்டன் என்று சங்கிலி கேட்கவில்லை. 'எங்களிடம் பதிவு இல்லை' என்பது அவர்கள் குற்றமல்ல என்று ஒரு அரசாங்கம் ஒப்புக்கொள்ள 55 வருஷம் ஆயிற்று. அதற்குள் அப்பாயி இங்கே வந்து, உழைத்து, ஓய்வே பெறப்போகிற வயதுக்கு வந்துவிட்டார்.

*

ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரலில் பழைய கோப்புகளைத் துழாவிக்கொண்டிருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்காக நான் எழுதிக் கொடுத்த நிரல் ஒன்று கண்ணில் பட்டது. கிராமத்து மக்கள் போனிலிருந்து விண்ணப்பிக்கும் ஒரு சேவை. நெட் விட்டுவிட்டு வந்து பாதியில் நின்றாலும், போன் பழையதாகி அதிலுள்ள வேர்ப் பட்டியல் காலாவதியாகி இருந்தாலும், ஆவணம் மங்கலாகத் தெரிந்தாலும், எதுவாக இருந்தாலும் திரையில் ஒரே ஒரு வரிதான் வரும்படி எழுதியிருந்தேன். 'தவறான பயனர்.'

எழுதியது நான்தான். தேதி இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஜிபிஜி சாவியால் நானே இட்ட கையொப்பமும் இருக்கிறது. சரிபார்த்தேன். நல்ல கையொப்பம் என்றது. எத்தனை பேர் அந்த வரியைப் படித்துவிட்டு, தங்களிடம்தான் ஏதோ குறை என்று போனை மூடி வைத்தார்கள் என்பதற்குப் பதிவு எதுவும் இல்லை. அதைப் பதிய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து அதை மாற்றினேன். இப்போது ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு எண் உண்டு. 'எங்களால் சரிபார்க்க முடியவில்லை' என்று தொடங்கும். ஏன் என்று சொல்லும். அடுத்து என்ன செய்யலாம், யாரிடம் பேசலாம் என்று சொல்லும். வாடிக்கையாளர், "எதுக்கு சார் இவ்ளோ நீளமா?" என்றார். இருக்கட்டும் என்றேன்.

அப்பாயி பக்கத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ன ராசா, இன்னும் தூங்கல?"

"ஒரு வார்த்தையை மாத்திக்கிட்டிருக்கேன் அப்பாயி."

"ஒரு வார்த்தைக்கா இவ்ளோ நேரம்?" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். வரும் நவம்பரில் அவர் மறுபடியும் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். அந்த இன்னொரு பாட்டி எந்தத் தோட்டம் என்று கேட்டு வைத்திருக்கிறேன். இருவரையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன்.